காண்ட்ராக்டர் 3 லட்சம் முன்பணம் கேக்குறாரு, கொடுக்கலாமா?

கேள்வி: மதுரை விளாங்குடியில எங்க வீடு, கட்டி 28 வருஷம் ஆச்சு. மழை பெஞ்சா ஹால் ஒழுகுது, பாத்ரூம் சுவத்துல ஓதம் ஏறி பெயிண்ட் உதிருது. வீட்டுக்காரர் ரிட்டையர்டு ஆனப்ப வந்த பணம் 9 லட்சம் எஃப்.டியில கிடக்கு, தை மாசம் முடியுது. கொழுந்தனாருக்குத் தெரிஞ்ச காண்ட்ராக்டர் மாடி, பாத்ரூம், தரை, பெயிண்ட், மாடுலர் கிச்சன் எல்லாம் சேத்து ஆறரை லட்சம்ங்கறாரு, சாமான் விலை ஏறப்போகுதுன்னு 3 லட்சம் முன்பணம் கேக்குறாரு. இன்னொரு இன்ஜினியர் 8 லட்சத்து 20 ஆயிரம் சொல்றாரு. பையன் லோன் போட்டா வரி மிச்சம்ங்கறான். யாரை நம்புறது, பணத்தை எதுல இருந்து எடுக்குறது?

பதில்: அக்கா, முதல்ல அந்த 3 லட்சத்தைக் கொடுத்துறாதீங்க. அவர் நல்லவரா இல்லையான்னு எனக்குத் தெரியாது, நல்லவராவே இருக்கட்டும், அப்பவும் கொடுக்காதீங்க. நெறைய காண்ட்ராக்டருங்க ஒரே நேரத்துல மூணு நாலு சைட் ஓட்டுவாங்க, உங்க முன்பணத்தை வச்சு முந்தின சைட்டோட கடைப்பாக்கியை அடைச்சுட்டு உங்க வேலைக்கு அடுத்தவர் முன்பணத்துக்காக காத்திருப்பாங்க, ஏமாத்தணும்னு நினைச்சுக்கூட செய்ய மாட்டாங்க, ஆனா நடுவுல மாட்டிக்கிறது நம்மதான். திருநகர்ல எங்க அம்மா வீட்டு பாத்ரூமை மாத்தினப்ப தெரிஞ்சவர்தானேன்னு நானே 70 சதவீதம் முன்னாடியே கொடுத்தேன். டைல்ஸை உடைச்சுப் போட்டுட்டு ஆளுங்களை வேற சைட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அஞ்சு வாரம், 68 வயசுல எங்க அம்மா துண்டும் வாளியுமா பக்கத்து வீட்டுக்குப் போய் குளிச்சுட்டு வந்தாங்க. இன்னும் எனக்கு மனசு ஆறல.

விலை ஏறப்போகுதுங்கறதை வச்சு பயப்படாதீங்க. ஏறும், இறங்கவும் செய்யும், 2025 செப்டம்பர் 22ல சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18க்கு இறங்குச்சே. நெசமாவே விலைதான் கவலைன்னா டைல்ஸ், குழாய் ஃபிட்டிங்ஸ் இதெல்லாம் நீங்களே கடைக்குப் போய் எடுத்து கடைக்காரர் அக்கவுண்டுக்கே பணம் போட்டு உங்க பேருல பில் வாங்குங்க, அவருக்கு முன்பணம் வேண்டிய காரணமே போயிரும். சிமெண்டை மட்டும் மொத்தமா வாங்கி அடுக்காதீங்க, நாள் ஆக ஆக அதோட பலம் குறையும், மூணு மாசம் தாண்டுனதை நம்பி வேலை செய்ய முடியாது.

ஆறரையா எட்டு இருபதான்னு இப்ப ஒப்பிடவே முடியாதுக்கா. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து மறுபடி எழுதி வாங்குங்க. "மாடி ஒழுகல் சரி செய்ய"ன்னு ஒத்தை வரியில ஒரு தொகை போட்டிருந்தா அதுக்கு அர்த்தமே இல்ல. மாடித் தளத்துல பதிச்சிருக்குற பழைய தட்டோட்டை எடுத்துட்டுப் புதுசு போடுறாரா, இல்ல மேலாப்புல வெள்ளையா ஒரு பெயிண்ட் அடிச்சுட்டுப் போறாரா, ரெண்டும் வேற வேற வேலை. டைல்ஸ் சதுர அடி என்ன ரேட்டுக்குப் போட்டிருக்காருன்னு பாருங்க, 45 ரூபாய்னு கணக்குல வச்சுட்டு நீங்க கடையில 80 ரூபாய் டைல்ஸைப் பிடிச்சதும் எக்ஸ்ட்ரா எக்ஸ்ட்ரான்னு ஏத்துறது ரொம்ப சாதாரணமா நடக்கும். ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னும் கேளுங்க, 18 சதவீதம்னா சின்னத் தொகை இல்ல. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. இன்னொண்ணு, ஹால் சீலிங்ல பூச்சு உதிந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுதான்னு அண்ணாந்து பாருங்க. தெரிஞ்சா பெயிண்ட்ல அடங்காது, இந்த வேலைக்கு ஆசைப்படாத ஒரு இன்ஜினியருக்கு ஃபீஸ் கொடுத்து கூட்டிட்டு வந்து காட்டிட்டு பெறகு பேசுங்க.

ஆளை எப்படிப் பாக்குறதுன்னா, அவர் இப்ப முடிச்ச வீட்டைக் காட்டுவாரு, பளபளன்னு இருக்கும், அது வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி செஞ்ச வீட்டைக் காட்டச் சொல்லி, அவர் இல்லாத நேரமாப் போய் அந்த வீட்டு அம்மாகிட்ட ரெண்டு மழைக்கு மாடி தாங்குச்சா, கூப்பிட்டா திரும்பி வந்தாரான்னு கேளுங்க. அந்த வீட்டு பாத்ரூம் டைல்ஸ்ல ஒரு ரூபாய்க் காசை வச்சுத் தட்டிப் பாருங்க, கெட்டியா சத்தம் வந்தா சரி, டொப்பு டொப்புன்னு கேட்டா அடியில கலவை நிரம்பல. ஒரு வாளித் தண்ணியை ஊத்துங்க, ஓட்டையைப் பாத்து ஓடணும், மூலையில தேங்கக் கூடாது. அவர் சாமான் எடுக்குற ஹார்டுவேர் கடையிலயும் பாக்கி எப்படின்னு பேச்சுவாக்குல விசாரிங்க, அங்க தெரியாதது எங்கிட்டும் தெரியாது.

இப்ப பணம். கிச்சனை இந்த வருஷம் விட்டுருங்கக்கா, அது ஒண்ணே 1 லட்சத்து 80 ஆயிரம்னு வச்சா மிச்ச வேலை 4 லட்சத்து 70 ஆயிரத்துல நிக்கும். ஆரம்பிக்க 50 ஆயிரம். மாடி வேலை முடிஞ்சதும் தண்ணி போற குழாயை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி தேக்கிப் பாத்து, கீழ ஹால்ல ஒரு பொட்டு ஈரம் இல்லைன்னா 1 லட்சத்து 20 ஆயிரம். பாத்ரூம்ல பைப்பும் வாட்டர் ப்ரூஃபிங்கும் முடிச்சு, டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி, அங்கயும் ரெண்டு நாள் தண்ணி நிறுத்திப் பாத்துட்டு 1 லட்சம். டைல்ஸும் தரையும் முடிஞ்சா 1 லட்சம், பெயிண்டுக்கு 50 ஆயிரம். மிச்ச 50 ஆயிரம் ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டினப்பறம்தான், இதை மட்டும் யாரு சொன்னாலும் விட்டுக் கொடுக்காதீங்க. வைகைக்கரையில ஐப்பசி மழையை விட நல்ல இன்ஸ்பெக்டர் கிடையாது. இது போக ஒரு 50 ஆயிரம் கையில தனியா இருக்கட்டும், பழைய வீட்டை உடைச்சா உள்ள என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது.

எஃப்.டியை இப்ப உடைக்காதீங்க. முன்கூட்டியே எடுத்தா வட்டியில பொதுவா அரையில இருந்து ஒரு சதவீதம் வரை பிடிப்பாங்க, 9 லட்சம் மொத்தத்துக்கும் வட்டி அடிபடும். அதே பேங்க்ல எஃப்.டி மேல ஓவர்டிராஃப்ட் கேளுங்க, அதாவது எஃப்.டியை ஈடா வச்சு வேணுங்கறப்ப வேணுங்கற அளவு எடுத்துக்குற கடன், எஃப்.டி வட்டியை விட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் கூட இருக்கும், எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி, கட்டங்கட்டமா கொடுக்குறதுக்கு இதை விட தோதான வழி இல்ல. தையில எஃப்.டி முடிஞ்சதும் அடைச்சுட்டு அந்தக் கடைசி 50 ஆயிரத்தையும் கொடுத்துட்டா பாக்கி சுமார் 4 லட்சம் உங்க மருந்து மாத்திரைக்கும் அவசரத்துக்கும் நிக்கும். பையன் சொல்ற வரிச்சலுகை, ரிப்பேர் லோன் வட்டிக்கு வருஷம் 30 ஆயிரம் வரை, அதுவும் நாமளே குடியிருக்குற வீட்டுக்கு பழைய வரி முறையில மட்டும்தான். வீடு பையன் பேருல இல்லாம அப்பா பேருல இருந்தா பையனுக்கு அதுவும் கிடையாது, அதுக்காக லோன் போட வேண்டாம்.

கொழுந்தனார் மனசு கோணுமேன்னு எழுதி வாங்காம இருந்துறாதீங்க, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே. வேலைப் பட்டியல், கட்டத்தொகை, முடிக்கிற தேதி, வேலையில யாருக்காவது அடிபட்டா யார் பொறுப்பு, எல்லாம் முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, அந்தக் கொழுந்தனாரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பணம் எல்லாமே பேங்க் வழியா போகட்டும். பில்லையும் போட்டோவையும் சேத்து ஒரு பைல போட்டு வைங்க, நாளைக்கு ஏதாவது தகராறுன்னா மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல, ஆனா கையில கொடுத்த காசுக்கு அங்க நீங்க ஒண்ணும் காட்ட முடியாது.