அரும்பிடுச்சா தம்பி?

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. சலூனில் ஸ்டபிள், கோட்டீ, சைட்பர்ன்ஸ் என்றுதான் பேசுகிறான். மீசை, தாடியை விட்டால் தமிழில் வேறு வார்த்தையே இல்லையா என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நிறைய இருக்கிறது, சகோதரி. ஸ்ரீராம்புரத்தில் அப்பாவுடைய சலூன் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நான். அங்கே காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மகனுக்கு இப்போது இருப்பது அரும்பு மீசையாக இருக்கும். மல்லிகை மொட்டுக்குச் சொல்கிறோமே, அதே அரும்புதான். முதன்முதலாகச் சவரத்துக்கு வரும் பையன்களை "அரும்பிடுச்சா தம்பி?" என்று அப்பா கேட்பார். கூச்சத்தோடு வந்தவன் அந்த ஒரு வார்த்தையில் சிரித்துவிடுவான். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

சைட்பர்ன்ஸ் என்பது கிருதா. "கிருதா எதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா கத்தியை வைப்பார். கோட்டீக்கு ஆட்டுத்தாடி, கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் குறுந்தாடி. ஸ்டபிளுக்கு ஒற்றைச் சொல்லை நான் கேட்டதில்லை. "மூணு நாள் தாடி" என்பார்கள், "முள்ளுமுள்ளா குத்துது" என்பார்கள். எனக்கு அதுவே போதும். அடியோடு எடுப்பதற்கு வள்ளுவரே சொல் தந்திருக்கிறார்: மழித்தல். 280-ஆம் குறளில் 'மழித்தலும் நீட்டலும்' என்று வருகிறது. 2009-இல் உங்கள் அல்சூர் ஏரிப் பக்கம் திறந்த அவர் சிலையில் நீட்டலைத்தான் பார்க்கிறோம்!

மீசையில் முறுக்கு மீசை உண்டு, பென்சில் மீசை உண்டு, கொடுவாள் போல வளைந்து இறங்கும் கொடுவா மீசை உண்டு. 2019-இல் விமானப்படை வீரர் அபிநந்தன் பாகிஸ்தானிலிருந்து திரும்பி வந்ததும், கிருதாவைத் தொடுகிற அந்த மீசைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. புதுச் சொல் இப்படித்தான் பிறக்கிறது என்று மகனிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மீசை நமக்கு மட்டுமே சொந்தமான சொல்லும் இல்லை. கன்னடத்தில் மீசெ, தெலுங்கில் மீசம், மலையாளத்தில் மீச. அப்பாவின் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தச் சொல் புரிந்தது. தாடிக்குத்தான் கன்னடக்காரர்கள் 'கட்ட' என்பார்கள். அதையும் அப்பா கற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்: "கிருதாவைக் கொஞ்சம் ஏத்தி வைங்கண்ணா, அரும்பைத் தொடாதீங்க."