யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) முதுகலைப் படிப்பில் டிசைன் திங்கிங்கை எப்படிப் பயன்படுத்துவது?

டிசைன் திங்கிங்கை, அதாவது பயனரை நேரில் கவனித்து, சிக்கலைப் புரிந்து, முன்மாதிரி செய்து சோதிக்கும் முறையை, ஒரு பாடத்தோடு விட்டுவிடாமல் படிப்பு முழுக்க எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

2007இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மாணவர் குழுவுக்குக் கிடைத்த பணி, மலிவான இன்குபேட்டர் (குறைமாதக் குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் கருவி) வடிவமைப்பது. குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தார். காத்மாண்டு மருத்துவமனையில் தானமாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்தது தூரத்துக் கிராமங்களில். மலிவான இன்குபேட்டர் என்ற கேள்வியே, கிராமத்தில் குழந்தையை எப்படிக் கதகதப்பாக வைப்பது என்று மாறியது. பிறந்ததுதான் எம்ப்ரேஸ்: மெழுகுப் பையின் சூட்டில் குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் சின்னத் தூக்கப் பை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிகம் பிடித்தது. மகாராஷ்டிரக் கிராமத்தில் ஒரு தாய், டாக்டர் பையை 37 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னால், நான் 30 டிகிரிதான் வைப்பேன் என்றார். ஆங்கில மருந்து வீரியமானது, குறைத்துக் கொடுப்பதே நல்லது என்ற நம்பிக்கை. உடனே சூட்டைக் காட்டும் எண்களை எடுத்துவிட்டு, சூடு சரியா இல்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே முதல் செமஸ்டரிலிருந்தே, கொடுத்த கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பயனரை அவர் இடத்தில் போய்ப் பாருங்கள். ஆய்வேட்டுக்கும் இதேதான்: தலைப்பை உறுதிசெய்யும் முன் நாலைந்து பேரிடம் பேசுங்கள். முன்மாதிரிக்குக் காகிதமே போதும். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் மெருகேற்றியதைத் தூக்கிப்போட மனசு வராது.