மணிக்கட்டுக் கட்டி ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போகுமா?

திருப்பூரில் பவர் டேபிளில் தைக்கும் உங்கள் அப்பாவுக்கு மணிக்கட்டில், நாடி பார்க்கும் பக்கம், நீர்க்கட்டி. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) இருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். கட்டியை எடுக்க மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்களாக நிறுத்தவே வேண்டாம். ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கு ஆபத்து; கையில் கசியும் ரத்தத்தைப் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். ஆஸ்பிரினோடு கை ஆபரேஷன் செய்வது வழக்கம்தான். க்ளோபிடோக்ரலை இதய டாக்டர் முடிவு செய்யட்டும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதம்தான் ஆகிறதென்றால் தள்ளிப்போடுங்கள். இந்தக் கட்டிகளில் பல தானாகவே வற்றிவிடும்.

எனக்குப் பெரிய கவலை கட்டி இருக்கும் இடம்தான். அங்கே கைக்கு ரத்தம் கொண்டுபோகும் ரேடியல் தமனி ஓடுகிறது. கட்டி அதைச் சுற்றி ஒட்டியிருக்கலாம். ஆஞ்சியோவை (இதய ரத்தக்குழாய் சோதனையை) அந்தக் கைத் தமனி வழியாகக் குழாய் விட்டுச் செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது நீர்க்கட்டியே இல்லாமல், தமனிச் சுவர் கசிந்த வீக்கமாகவும் இருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் யாரையும் ஊசி குத்த விடாதீர்கள்.

ஆபரேஷனில் மேல்கையில் பட்டை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். தையலுக்கு முன் அதைத் தளர்த்திக் கசிவு பார்ப்பாரா என்று ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், விரல் வெளுத்தாலோ கட்டு நனைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.