வரைபட அச்சுகளின் தோற்றம்: கேள்வி பதில்

பெங்களூருவில் இணையத்துக்கான தரவு வரைபடங்களை உருவாக்கும் பணியில் இருக்கும் தமிழ் நண்பர்கள், அச்சுகளை எப்படி வடிவமைப்பது என்று அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தை இருவர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அல்சூரிலிருந்து ஒருவர்: ஐயா, எங்களிடம் டி3 என்ற வரைபட நிரல் தொகுப்பின் 3ஆம் பதிப்பில் எழுதிய பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பைத் திருத்தியபின், கிடை அச்சு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்று நிற்கிறது. புதிய பதிப்பில் எழுதிய மற்றொரு வரைபடத்தில், எழுத்தின் அளவை எவ்வளவு மாற்றினாலும் அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் என்ன காரணம்?

டி3 வரையும் அச்சு எவற்றால் ஆனது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டுமே விளங்கிவிடும். அச்சு முழுவதும் ஒரு குழு. அதனுள் 'டொமைன்' என்ற பெயருடைய ஒரு பாதையும், ஒவ்வொரு அளவுக்குறிக்கும் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் இருக்கின்றன. அந்தப் பாதை வெறும் நேர்கோடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரு முனைகளிலும் 6 பிக்சல் கீழே இறங்கும் கால்களோடு, தலைகீழாகக் கவிழ்த்த 'ப' போல அது இருக்கும். நிறம் எதுவும் சொல்லப்படாத பாதையின் உட்புறத்தைக் கறுப்பால் நிரப்புவது, டி3 படம் வரையப் பயன்படுத்தும் எஸ்விஜி வடிவத்தின் இயல்பு என்பதால், 'ஃபில்' (நிரப்பும் நிறம்) என்பதற்கு 'நன்' (எதுவுமில்லை) என்று எழுதியிருந்த வரி உங்கள் திருத்தத்தில் காணாமற்போனதும் அந்த 'ப'வின் வயிறு நிரம்பிப் பட்டையாகிவிட்டது. வரியைத் திரும்பச் சேர்த்தால் போதும். முனைக் கால்கள் வேண்டாமென்றால் வெளி அளவுக்குறியின் நீளத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

2016இல் வந்த 4ஆம் பதிப்பு முதல் இந்த நிரப்பலை டி3 தானே தடுத்துவிடுகிறது. அதே சமயம், அச்சுக் குழுவின் மீது எழுத்தளவு 10 என்ற பண்பையும் அது எழுதிவைக்கிறது. நீங்கள் வெளியே உள்ள எஸ்விஜி உறுப்புக்கு 14 என்று கொடுத்தால், இடையில் நிற்கும் குழு தன்னுடைய 10ஐயே எழுத்துகளுக்கு வழங்குகிறது. மேலிருந்து வரும் 14 கீழே இறங்குவதே இல்லை. ஆகவே அளவைக் குழுவுக்கோ எழுத்துக்கோ நேரடியாகச் சிஎஸ்எஸ் விதியாகக் கொடுங்கள். எஸ்விஜி பண்பைவிடச் சிஎஸ்எஸ் விதி வலிமையானது என்பதால் அது வென்றுவிடும். நிரலில் பண்பாகவே மாற்ற விரும்பினால், அச்சை வரைந்த பின்னர் மாற்றுங்கள். முன்னர் எழுதியதை முதல் முறை வரையும்போது டி3 அழித்து எழுதிவிடும்.

சிவாஜிநகரிலிருந்து: ஏழு அளவுக்குறிகள் கேட்டேன், ஆறுதான் வருகிறது. பிழையா?

பிழையன்று. நீங்கள் தரும் எண் ஒரு வேண்டுகோள் மட்டுமே. 1, 2, 5 ஆகியவற்றைப் பத்தின் அடுக்குகளால் பெருக்கி வரும் இடைவெளிகளை மட்டுமே டி3 ஏற்கும். 0 முதல் 100 வரையுள்ள அளவில் ஏழு கேட்டால் 20 என்ற இடைவெளியில் ஆறு கிடைக்கும். குறிப்பிட்ட எண்களே வேண்டுமென்றால், அவற்றைப் பட்டியலாகத் தனியே கொடுத்துவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030, கர்நாடகத்தினுடையது 6,10,95,297. செங்குத்து அச்சில் இவை மில்லியன் கணக்கில் காற்புள்ளியிட்டு வருகின்றன. இலட்சம், கோடி முறையில் வரவழைக்க முடியுமா?

முடியும். டி3யில் எண்களின் வட்டார அமைப்பை வரையறுக்கும்போது, இலக்கங்களை எப்படிக் கூட்டம் பிரிப்பது என்ற பட்டியலில் முதலில் 3, பிறகு தொடர்ந்து 2, 2, 2 என்று எழுதினால் காற்புள்ளிகள் நம் முறைப்படி விழும். உலாவியிலேயே உள்ள 'இன்டல்' எண் வடிவமைப்பியிடம் இந்தியாவுக்கான குறியைக் கொடுத்தாலும் இதே பலன்தான்.

ஆனால் அச்சில் 7,00,00,000 என்று முழுமையாக எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. சுழியங்களை எண்ணிக்கொண்டு யாரும் வரைபடம் படிப்பதில்லை. மதிப்பை ஒரு கோடியால் வகுத்து 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதி, அச்சின் உச்சியில் ஒரே ஒருமுறை 'கோடி பேர்' என்று குறிப்பிடுங்கள். டி3யின் சுருக்க வடிவத்தை நம்பினால் மில்லியனுக்கான 'எம்' மட்டுமல்லாமல், நூறு கோடியைத் தாண்டும்போது 'ஜி' என்ற எழுத்தும் வந்து நிற்கும். அதைப் பார்த்து வாசகர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒழுங்காக நிற்க, எல்லா இலக்கங்களுக்கும் சம அகலம் தரும் எழுத்துரு அமைப்பையும் சிஎஸ்எஸ்ஸில் இயக்கிவையுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: நம்ம மெட்ரோவின் ஊதா வழித்தட நிலையங்களைக் கிடை அச்சில் தமிழில் எழுதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. சாய்த்துப் பார்த்தேன், அழகாக இல்லை. முதல் மூன்று எழுத்துகளாகச் சுருக்கினால் சொற்கள் சிதைகின்றன.

அந்த வழித்தடத்தில் 37 நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 'நாடபிரபு கெம்பேகௌடா நிலையம், மெஜஸ்டிக்'. இதைக் கிடை அச்சில் நிறுத்த முயல்வதே வீண் முயற்சி. வரைபடத்தைத் திருப்பிப்போட்டு, பெயர்களை இடப்பக்கச் செங்குத்து அச்சிலும் பட்டைகளைக் கிடையாகவும் வையுங்கள். எழுத்தைச் சாய்ப்பது ஆங்கிலத்துக்கே பொருந்தாது. மேலே புள்ளியும் சுழியும், கீழே உகர ஊகார வளைவுகளும் கொண்ட தமிழுக்கு அது இன்னும் பொருந்தாது.

சுருக்கும்போது சொல் சிதைவதற்குக் காரணம், கணினி எழுத்தாகக் கருதுவதும் நாம் எழுத்தாகக் கருதுவதும் வேறு என்பதுதான். 'பெங்களூரு' என்பதில் நமக்கு ஐந்து எழுத்துகள். நிரலுக்கோ பகரம், எகரக் குறி, ஙகரம், புள்ளி எனத் தொடங்கி ஒன்பது குறிகள். முதல் மூன்றை வெட்டினால் புள்ளியிழந்து 'பெங' என்று நிற்கும். உலாவியில் உள்ள 'செக்மென்ட்டர்' கருவியைக் கொண்டு முழு எழுத்துகளாகப் பிரித்த பிறகே வெட்ட வேண்டும். மாதப் பெயர்களுக்கு வெட்டலே தேவையில்லை, ஜன., பிப்., மார்., ஏப். என்ற வழக்கமான சுருக்கங்களைப் பட்டியலாகக் கொடுத்துவிடலாம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்துக்கு ஏற்றபடி விட்ட கீழ் விளிம்பில் தமிழ் எழுத்தின் கால் வெட்டுப்படும். விளிம்பைத் தாராளமாகக் கூட்டுங்கள்.

ஜெயநகரிலிருந்து, ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்: அச்சு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர் நீர்மட்டங்களை ஒரே வரைபடத்தில் காட்டும்போது அது சரியாக வரவில்லையே?

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன விதி பட்டை வரைபடத்துக்கு முழுமையாகப் பொருந்தும். அங்கே நீளமே மதிப்பு, அடியை வெட்டினால் விகிதமே பொய்யாகிவிடும். கோட்டு வரைபடத்தில் நாம் படிப்பது ஏற்ற இறக்கத்தை என்பதால், அணையின் நீர்மட்டத்தைப் பூஜ்ஜிய அடியிலிருந்து காட்டினால் வரைபடத்தின் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

ஆனால் உங்கள் வரைபடத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் இருப்பதாக நினைக்கிறேன். கிருஷ்ணராஜ சாகரின் முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49.45 டிஎம்சி. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரே அடி அச்சில் இரு கோடுகளையும் போட்டால், ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைக் கொள்ளும் மேட்டூர், மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்ததாகத் தோன்றும். காவிரி நீரைப் பற்றி இரு மாநிலத்தாரும் பார்க்கும் படத்தில் இப்படிப்பட்ட தோற்றப்பிழை வேண்டாம். இடமும் வலமும் இரண்டு அச்சுகள் போடுவதும் தீர்வாகாது; இரண்டையும் எங்கே பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கோடுகள் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளும். நீர் இருப்பைக் கொள்ளளவின் சதவீதமாக மாற்றி 0 முதல் 100 வரை காட்டலாம். அல்லது இரு சிறு வரைபடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முழு மட்டத்தையே ஓர் அளவுக்குறியாகச் சேர்த்து, அதை மட்டும் தடித்த எழுத்தில் காட்டலாம். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

கே.ஆர்.புரத்திலிருந்து: சார்ட்.ஜேஎஸ் என்ற வரைபட நிரல் தொகுப்பில் வரைந்த அச்சின் நிறம் சிஎஸ்எஸ்ஸுக்குக் கட்டுப்படவில்லை. இருண்ட பயன்முறையில் எழுத்துகள் மறைந்துவிடுகின்றன.

சார்ட்.ஜேஎஸ், கேன்வாஸ் என்ற உலாவியின் ஓவியப் பலகையில் வரைகிறது. அங்கே அச்சு என்பது உறுப்பன்று, வண்ணம் பூசிய பிக்சல்கள் மட்டுமே. சிஎஸ்எஸ் தொடுவதற்கு எதுவுமில்லை. எழுத்தின் நிறம், கட்டக்கோட்டின் நிறம் ஆகியவற்றை அதன் அமைப்புகளில்தான் கொடுக்க வேண்டும். அச்சுக்கோட்டுக்கு 4ஆம் பதிப்பில் 'பார்டர்' என்ற தனிப்பிரிவு வந்துவிட்டதால், பழைய எடுத்துக்காட்டுகளை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது. சிஎஸ்எஸ் மாறியின் பெயரையும் கேன்வாஸ் ஏற்காது. மாறியின் மதிப்பை நிரலில் படித்துக் கொடுத்து, பயன்முறை மாறும்போது மீண்டும் வரையச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துரு இணையத்திலிருந்து இறங்கி முடியும் முன் வரைந்துவிட்டால், கேன்வாஸ் தானாகத் திருத்திக்கொள்ளாது என்பதால், எழுத்துரு தயாரான பிறகே முதல் முறை வரையுங்கள்.

பொம்மனஹள்ளியிலிருந்து: அச்சு எழுத்துகளை எவ்வளவு வெளிறச் செய்யலாம்? கைப்பேசியில் படிக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர் சொல்கிறார்.

கட்டக்கோடுகள் எவ்வளவு வெளிறினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை; எழுத்துகளுக்கு எல்லை உண்டு. வலை அணுகல்தன்மை நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன. வடிவமைப்பாளர்கள் விரும்பும் #999 என்ற சாம்பல், வெள்ளைப் பின்னணியில் 2.85ஐத்தான் எட்டுகிறது; #767676 எல்லையைச் சற்றே தாண்டுகிறது.

உங்கள் வாடிக்கையாளரின் குறைக்கு நிறம் மட்டுமே காரணமாக இருக்காது. 900 அலகு அகலத்தில் வரைந்த எஸ்விஜியை 360 பிக்சல் திரைக்குச் சுருக்கினால், 10 பிக்சல் எழுத்து 4 பிக்சலாகிவிடும். படத்தைச் சுருக்காமல், கொள்கலனின் அகலத்தை அளந்து ஒவ்வொரு அகலத்துக்கும் புதிதாக வரைந்து, எழுத்தளவை 12இல் நிலையாக வைத்து, அளவுக்குறிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 360 பிக்சலில் கிடை அச்சுக்கு நான்கு போதும்.