பெயர் போடாமல் எழுதினால் குற்றமா? வாசகர் கேள்விகளும் விடைகளும்

இணையத்தில் பெயரை மறைத்து எழுதுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்றும், தடுக்கவே கூடாது என்றும் வடசென்னையிலிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் முகவரியும் எங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரை மட்டும் வெளியிடுகிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, வாய்கூசும் சொற்களை எவனோ எழுதிவிட்டான். ஆதார் எண்ணைக் காட்டாமல் யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது என்று சட்டம் வந்தால் இந்தக் கொடுமை நிற்காதா? (ஒரு தந்தை, தண்டையார்பேட்டை)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. ஆனால் அவனைத் தண்டிக்க இப்போதே சட்டம் இருக்கிறது. இன்னொருவராக நடித்து இணையவழி ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆபாசமானதை வெளியிடுவதற்கு 67ஆம் பிரிவு இருக்கிறது. தன்னை மறைத்துக்கொண்டு மிரட்டினால், மிரட்டலுக்குரிய தண்டனையோடு மேலும் 2 ஆண்டுகள் வரை சேர்க்க, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவு இடம் தருகிறது. இந்தக் கடைசிப் பிரிவு மொட்டைக் கடுதாசிக் காலத்திலிருந்தே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்துவந்ததுதான்.

ஆளைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. காவல்துறை முறைப்படி கேட்டால், கணக்கு தொடங்கப் பயன்பட்ட கைபேசி எண், மின்னஞ்சல், உள்ளே நுழைந்த நேரம், இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரி ஆகியவற்றைச் சமூக ஊடக நிறுவனத்திடமிருந்து பெற முடியும், அந்த ஐ.பி. முகவரியைக் கொண்டு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் விசாரித்தால், சிம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்பது வரை போகலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கைபேசி இணையத்தில் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவதால் நேரம் நொடிக் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். அதற்குள் நாட்கள் ஓடிவிட்டால் பதிவுகளே கிடைக்காமல் போகலாம். புகார் கொடுக்க வந்தவரை இந்த நிலையம், அந்த நிலையம் என்று அலைய விடுவதுதான் குற்றவாளிக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு. அதைச் சரிசெய்யாமல் எல்லோருடைய ஆதார் எண்ணையும் வாங்கி வைத்தாலும், திருட்டு சிம்மிலும் இன்னொருவரின் அடையாள அட்டையிலும் கணக்கு தொடங்குகிறவனை அது தொடப்போவதில்லை.

நீங்கள் கேட்டிருப்பதையே 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும் கேட்டார்கள். சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று பொதுநல மனுக்கள் வந்தன. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றச் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது எப்படி என்பதை நோக்கி விசாரணை நகர்ந்தது. 2019இல் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் வந்த 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளும், பெரிய சமூக ஊடகங்கள் விருப்பமுள்ளவர் தம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வசதி தர வேண்டும் என்று சொல்லுகின்றனவே தவிர, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது: அந்தக் கணக்கின் முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆள்மாறாட்டம் என்று உங்கள் மகளே அந்தத் தளத்தில் புகார் செய்யட்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில குற்றங்களைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்க அந்தத் தளத்தில் அரசே இடம் வைத்திருக்கிறது. பெயரைச் சொல்ல அஞ்சுகிறவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் அல்லர் என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் இரவில் அடிக்கும் நெடியைப் பற்றி முகநூலில் வேறு பெயரில் எழுதிவருகிறேன். என் கணவர் பக்கத்து ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேறு பெயரில் எழுதுவது குற்றம், போலீஸ் பிடித்துவிடும் என்று உறவினர் பயமுறுத்துகிறார். (ஒரு வாசகி, எர்ணாவூர்)

பதில்: குற்றமில்லை, சகோதரி. சொந்தப் பெயரில்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. எரிச்சலூட்டும் பதிவுக்கும் கைது செய்ய வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. முகநூல் நிறுவனம் தன் விதிப்படி உங்கள் கணக்கை முடக்கலாம். அது நிறுவனத்தின் விதி, அதற்காகச் சிறை கிடையாது.

ஆனால் வேறு பெயரில் எழுதினாலும் அவதூறுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உண்மையைப் பொதுநன்மைக்காகச் சொன்னால் அது அவதூறாகாது என்று சட்டமே சொல்லுகிறது. ஆகவே, கண்டதையும் முகர்ந்ததையும் மட்டும் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, கண் எரிந்ததா, குழந்தைக்கு வாந்தி வந்ததா. 'இந்த ஆலைதான் விஷம் வைக்கிறது' என்று கையில் சான்றில்லாமல் எழுத வேண்டாம். அதே விவரங்களை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

இன்னொன்று. பெயரை மாற்றிவிட்டோம் என்று நம்பிப் பலர் வேறு வழியில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியும். மொட்டைமாடியிலிருந்து எடுத்த படத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தால், தெருவில் உள்ளவர்களுக்கு அது யார் வீட்டு மாடி என்று தெரிந்துவிடும். 'நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் சொன்னார்' என்று ஒரு வரி எழுதினால், அன்று ஷிப்டில் இருந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்க்க ஆலைக்கு அதிக நேரம் ஆகாது. கைபேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாத இறுதியில் பெரியகுப்பம் மக்கள் அமோனியா நெடியில் நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்ததையும் நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட இரவில் முதலில் சொல்லுகிறவர் அங்கே குடியிருப்பவர்தான். பணி நியமனக் கடிதம்கூட இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்த வழக்குப் போட வேண்டியதில்லை. மறுநாள் காலை கேட்டில் 'இன்று வேலை இல்லை' என்று சொன்னாலே போதும். பெயரைக் கட்டாயமாக்கும் சட்டம் முதலில் வாயடைப்பது உங்களைப் போன்றவர்களைத்தான் என்பதால், நான் அதை எதிர்க்கிறேன்.

பெயரைக் கேட்கும் அரசு அதைக் காக்கும் என்ற உறுதியும் இல்லை. தேசிய நெடுஞ்சாலைப் பணி ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது; 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் கழித்து 2014இல் நிறைவேறிய தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டமும், பெயர் இல்லாத புகாரை ஏற்பதில்லை என்கிறது. அதைவிட வேதனை, அந்தச் சட்டம் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை.

கேள்வி: தேர்தல் துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, இணையத்துக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? (ஒரு சட்டக் கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: வந்த கேள்விகளில் இதுதான் வலுவானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு நீங்கள் சொல்வதைத்தான் கேட்கிறது. ஆனால் அது அச்சிடுகிறவரையும் வெளியிடுகிறவரையும் கேட்கிறதே தவிர, எழுதியவரைக் கேட்கவில்லை. இணையத்தில் அந்த இடத்தில் இருப்பது தளத்தை நடத்தும் நிறுவனம். அதன் பெயர் தெரியும். குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லுகின்றன. பொறுப்பை அங்கே வைத்து, புகார்களை விரைந்து கவனிக்காவிட்டால் தண்டிப்பதே அச்சுச் சட்டத்துக்கு இணையான ஏற்பாடு.

இதழுக்குப் பொறுப்பானவர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் எப்படிப் பயன்படும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1908இல் 'இந்தியா' வார இதழின் மீது ஆங்கிலேய அரசு வழக்குத் தொடுத்தபோது, அதிகாரபூர்வமாகப் பெயர் பதிவு செய்திருந்தவர் சிறைக்குப் போனார். இதழை எழுதி நடத்திய பாரதி புதுச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று.

நீங்கள் சொல்லும் சட்டத்தைச் சோதித்துப் பார்த்த நாடும் உண்டு. தென் கொரியா 2007இல், அதிகம் பேர் வரும் தளங்களில் கருத்து எழுதுபவர் தம் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றது. தளங்கள் கோடிக்கணக்கானோரின் விவரங்களைச் சேர்த்து வைத்தன. 2011இல் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது; சட்டத்துக்குப் பிறகு முறைகேடான பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. சீனாவில் இத்தகைய சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அங்கே அரசைக் குறைகூறி எழுதுபவரின் நிலை என்ன என்பதை மாணவரான நீங்கள் தேடிப் படியுங்கள்.

கேள்வி: நான் சிறிய பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வருகிறவர்களின் அடையாள அட்டையைக் கட்டாயம் வாங்க வேண்டுமா? (ஒரு கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: வாங்க வேண்டும். 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி அடையாளம் பார்க்காமல் கணினியைத் தரக் கூடாது. யார், எந்தக் கணினியில், எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்ற பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கேட்கும் உரிமை அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மட்டுமே உண்டு. பேட்டைப் பிரமுகர் வந்து 'நேற்று சாயந்திரம் இங்கே யார் வந்தது, காட்டு' என்றால் காட்ட வேண்டாம். ஜெராக்ஸ் பிரதிகளை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள். காலம் முடிந்த பிறகு பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாமல், கிழித்து அழித்துவிடுங்கள்.