யூபிஎஸ் கம்பெனி வேலைன்னா பேட்டரிக்கு தண்ணி ஊத்துறதுதானா சார்?

வணக்கம் சார், ஈஈஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) டிப்ளமோ முடிச்ச பையன் யூபிஎஸ் சர்வீஸ் கம்பெனிக்குப் போறேங்கிறான், பேட்டரிக்கு தண்ணி ஊத்தவா மூணு வருசம் படிக்க வச்சேன்னு கேட்டிருக்கீங்க. ஆதங்கம் புரியுது, ஆனா வேலை அது மட்டும் இல்ல.

யூபிஎஸ்னா கரண்ட் போனதும் பேட்டரில இருந்து கரண்ட் குடுக்குற மெஷின், உங்க வீட்டு இன்வெர்ட்டரும் அந்த வகைதான். அதையே பாருங்க, தூக்க முடியாம கனக்குதுல்ல, அதுக்குக் காரணம் உள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர்தான். கரண்ட் போனதும் பேட்டரியோட 12 வோல்ட் டிசிய மாஸ்ஃபெட்ங்கிற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் மாத்தி மாத்தி ஸ்விட்ச் பண்ணி 50 ஹெர்ட்ஸ் ஏசி ஆக்கும், டிரான்ஸ்பார்மர் அத 230 வோல்ட்டுக்கு ஏத்திக் குடுக்கும், கரண்ட் வந்துட்டா பல மாடல்ல அதே டிரான்ஸ்பார்மர் எதிர்ப்பக்கமா வேலை செஞ்சு பேட்டரிய சார்ஜும் பண்ணிடும். ஒரே டிரான்ஸ்பார்மர், ரெண்டு வேலை.

ஆனா பையன் கத்துக்க வேண்டியது பெரிய ஆன்லைன் யூபிஎஸ்ல, அதாவது கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் எப்பவும் இன்வெர்ட்டர் வழியாவே கரண்ட் குடுக்குற மெஷின்ல. பழைய டிசைன்ல இன்வெர்ட்டருக்கு அப்புறம் டெல்டா-ஸ்டார்னு ஒரு த்ரீ பேஸ் டிரான்ஸ்பார்மர் இருக்கும். வோல்ட்டேஜ் ஏத்தும், லோடுக்கு, அதாவது மாட்டியிருக்குற சாமானுக்கு, நியூட்ரல் (கரண்ட் திரும்பி வர்ற வயர்) குடுக்கும், உள்ள ஐஜிபிடிங்கிற பெரிய எலக்ட்ரானிக் ஸ்விட்ச் ஷார்ட் ஆனாலும் டிசி லோடு பக்கம் போகாம தடுக்கும். இப்ப டேட்டா சென்டர்ல அதிகமா டிரான்ஸ்பார்மர்லெஸ், அதாவது உள்ள அந்த டிரான்ஸ்பார்மர் இல்லாத யூபிஎஸ்தான், இடமும் மிச்சம் கரண்ட் லாஸும் கம்மி. அப்போ டிரான்ஸ்பார்மர் படிச்சதெல்லாம் வேஸ்ட்டான்னா, அதான் இல்ல, இதுல நியூட்ரல் இன்புட்ல இருந்தே வரணும், அதுல கோளாறுன்னா வோல்ட்டேஜ் தாறுமாறா போய் லோடு அடிவாங்கும், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இடத்துக்கு தனியா ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (மெயின்ஸையும் லோடையும் பிரிச்சு வைக்கிறது) வேற போடணும். எங்க எது போடணும்னு சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் மதிப்பு, போர்டு மாத்துறவன் நிறைய பேர் இருக்காங்க.

அதனால வேலைய வேணாம்னு சொல்லாதீங்க, ஆனா சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேக்கச் சொல்லுங்க. ஒண்ணு, வீட்டு இன்வெர்ட்டர் சர்வீஸா இல்ல பெரிய இடங்கள்ல இருக்குற த்ரீ பேஸ் மெஷினா? வீட்டு இன்வெர்ட்டர் மட்டும்னா ஒரு வருசத்துக்கு மேல அங்க இருக்க வேணாம், கத்துக்க ஒண்ணும் மிஞ்சாது. ரெண்டாவது, சேஃப்டி டிரெயினிங் உண்டா? 12 வோல்ட் பேட்டரிதானேன்னு நினைப்போம், 32 பேட்டரிய சீரிஸ்ல போட்டா 384 வோல்ட் டிசி சார், மெயின்ஸ ஆஃப் பண்ணினாலும் அது அங்கயேதான் இருக்கும். நீங்க பயப்படணும்னா சம்பளத்த விட இதுக்கு பயப்படுங்க.

மேல படிக்கணும்னா லேட்டரல் என்ட்ரில நேரா ரெண்டாம் வருச பி.இ., அப்புறம் ஆசை இருந்தா எம்.இ. பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ். இன்டர்வியூ முடிஞ்சதும் த்ரீ பேஸா சிங்கிள் பேஸான்னு மெசேஜ் போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.