ஆசிட் தெறித்துவிட்டால் கையில் எடுக்க வேண்டியது எது?

கேள்வி: துப்புரவுத் திரவங்கள் கலந்து அடைக்கும் சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். ஆசிடும் காஸ்டிக் சோடாவும் தினமும் கையாள்கிறோம். ஆசிட் பட்டால் போட சமையல் சோடா, காஸ்டிக் பட்டால் ஊற்ற வினிகர் என்று இரண்டையும் அலமாரியில் தயாராக வைத்திருக்கிறோம். இது சரியா? தண்ணீர் ஊற்றினால் சூடு இன்னும் ஏறும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்?

பதில்: தோலில் பட்டதற்கு அந்த இரண்டுமே வேண்டாம். தண்ணீர்தான், அதுவும் உடனே, நிறைய, நீண்ட நேரம்.

ஆசிடும், காஸ்டிக் போன்ற காரமும் சேரும்போது வெப்பம் வெளிப்படும். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் தோலின் மேல் அதை நடத்தத் தேவையில்லை. பதற்றத்தில் எவ்வளவு போடுவது என்றும் யாராலும் அளக்க முடியாது. இதைவிடப் பெரிய நஷ்டம், டப்பாவைத் தேடித் திறக்கிற நேரம். ரசாயனம் உள்ளே இறங்குவது அந்த விநாடிகளில்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளீச்சும் காரத்தன்மை கொண்டதுதானே என்று யாராவது அதன் மேல் வினிகரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அடர் சல்பூரிக் அமிலத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். அதனால்தான் ஈரத்துணியால் துடைப்பதும், ஒரு குவளை ஊற்றிவிட்டு நிறுத்துவதும் தவறு. ஷவரிலிருந்து இடைவிடாமல் கொட்டும் தண்ணீர் ஆசிடையும் கொண்டுபோகும், சூட்டையும் கொண்டுபோகும். அவசர ஷவர், ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து 10 விநாடி நடையில், வழியில் எதுவும் தடுக்காமல் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே உடையைக் கழற்றுங்கள். கூச்சம் பார்க்கிற நேரம் இல்லை இது. சட்டையைத் தலைவழியே இழுத்தால் முகத்தில் படும், வெட்டி எடுப்பது நல்லது. மோதிரம், கடிகாரம், ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்ற வேண்டும். அடியில் தங்கியது அங்கேயே தின்றுகொண்டிருக்கும். உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்ட வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். இரண்டுமே ரசாயனம் தோலுக்குள் புகுவதைக் கூட்டும். வழிந்தோடும் நீர் மற்ற இடங்களில், முக்கியமாகக் கண்ணில், படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? ஆசிடுக்குக் குறைந்தது 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. காஸ்டிக் என்றால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பெரும்பாலான ஆசிடுகள் தோலின் புரதத்தை உறைய வைத்து ஒரு பொருக்கை உண்டாக்கும். அந்தப் பொருக்கே ஆசிட் மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியில்லை, திசுவைக் கரைத்துக்கொண்டே போகும். காஸ்டிக் பட்ட விரல்களை உரசிப் பார்த்தால் சோப்பு தடவியதுபோல வழவழக்கும். தோலின் கொழுப்பு உண்மையாகவே சோப்பாக மாறுவதுதான் அது. அந்த வழவழப்பு இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. அமிலமா காரமா என்பதை நிறத்தால் காட்டும் பிஹெச் தாள் இருந்தால், கழுவி முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துத் தோலில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருந்து காரம் கசிந்து வந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். திரும்பக் கழுவ வேண்டும். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஈரச் சிமென்ட் பூட்ஸுக்குள் புகுந்தால்கூடப் பல மணி நேரம் கழித்துத்தான் புண் தெரியும்.

விதிவிலக்குகள் சில உண்டு. இவற்றை விபத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். காஸ்டிக் செதில், நீற்றாத சுண்ணாம்பு போன்ற உலர்ந்தவை பட்டால் முதலில் உலர்ந்த தூரிகையாலோ துணியாலோ தட்டிவிட்டு, அப்புறம் தண்ணீரைக் கொட்டுங்கள். சோடியம், பொட்டாசியம் உலோகத் துண்டுகள் தண்ணீர் பட்டால் தீப்பற்றும். மினரல் ஆயில் ஊற்றி இடுக்கியால் எடுக்க வேண்டும். பீனால் (சில கிருமிநாசினிகளில் இருக்கும் ரசாயனம்) தோலை மரத்துப்போகச் செய்து உடலுக்குள் ஏறும். பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400 என்ற திரவம் இருந்தால் அதில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைக்கலாம். இல்லாவிட்டால் பலமான ஷவர்தான், கொஞ்சத் தண்ணீர் பீனாலைப் பரப்பவே செய்யும்.

உங்கள் தொழிலில் நான் மிகவும் பயப்படுவது ஹைட்ரோபுளோரிக் அமிலத்துக்கு. துருநீக்கிகள் சிலவற்றிலும் அலுமினிய கிளீனர்கள் சிலவற்றிலும் அது இருக்கும். அம்மோனியம் பைபுளோரைடு என்று லேபிளில் இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். நீர்த்த அமிலமாக இருந்தால் 24 மணி நேரம்வரைகூட வலி தெரியாமல் போகலாம். அதற்குள் புளோரைடு ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். உடனே தண்ணீரில் 5 நிமிடம் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கையுறையோடு தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் பொருட்களைக் கையாளும் பட்டறையில் அந்த ஜெல் இல்லாமல் வேலை தொடங்கவே கூடாது.

கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளைப் பிரித்துப் பிடித்துக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் எளிதாக வந்தால் எடுத்துவிடலாம். அதற்காகக் கழுவுவதை நிறுத்த வேண்டாம்.

கழுவிய பிறகு, மேலே சொன்ன கால்சியம் ஜெல் தவிர, எண்ணெய், பற்பசை, களிம்பு எதுவும் தடவாமல் சுத்தமான உலர்ந்த துணியால் தளர்வாக மூடுங்கள். கண், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்டாலோ, காரமாக இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். போகும்போது லேபிளை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசாயனத்தோடு தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். முதலுதவி அதன் 4-ஆம் பகுதியில் இருக்கும்.